க்ரிட் போட்டு எடுத்தும் படம் சப்பென்று இருக்கிறதே, ஏன்? (புதியவர்களுக்கான கம்போசிஷன், அதாவது படத்துக்குள் எதை எங்கே வைப்பது)

புதுக்கேமரா

வணக்கம். செகண்ட்ஹேண்டில் ஒரு டிஎஸ்எல்ஆர் வாங்கியிருக்கிறேன், கூட வந்தது 18-55 மி.மீ. கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்த்துத் தருகிற சாதாரண ஜூம் லென்ஸ்). ஊர் மதுரை என்பதால் பழகுவதற்குப் போனது திருமலை நாயக்கர் மகாலுக்கு. யூடியூபில் எல்லாரும் சொல்கிற ரூல் ஆஃப் தேர்ட்ஸ் (ஃப்ரேமை மூன்று பங்காகப் பிரித்து அந்தக் கோடுகளில் ஆளை வைப்பது), லீடிங் லைன்ஸ் (கண்ணை இழுத்துப் போகிற கோடுகள்), சிமெட்ரி (இரண்டு பக்கமும் சமமாக வருவது) எல்லாம் பார்த்துவிட்டு, திரையில் அந்தக் கோடுகளைக் காட்டுகிற க்ரிட்டையும் போட்டுப் பார்த்துத்தான் எடுத்தேன். தங்கச்சியைக் கோடுகள் வெட்டிக்கொள்கிற இடத்தில் நிற்க வைத்து ஒன்று, நடு மண்டபத்தை நேராக நின்று ஒன்று, தூண் வரிசையைச் சாய்வாக ஒன்று. மூன்றையும் இணைத்திருக்கிறேன். ஃபோகஸ் சரியாக இருக்கிறது, வெளிச்சமும் மோசமில்லை, ஆனாலும் எதைப் பார்த்தாலும் பள்ளிச் சுற்றுலா ஆல்பம் மாதிரிதான் இருக்கிறது. என்ன குறைகிறது என்று சொல்லுங்கள். வேறு லென்ஸ் வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள், கையில் காசில்லை.

ஒளிவேட்டை

மூன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன் தம்பி. லென்ஸ் மேலும் க்ரிட் மேலும் பழியில்லை. தங்கச்சி சரியாக வலது பக்கக் கோட்டில்தான் நிற்கிறாள். ஆனால் அவளுக்கு நேர் பின்னால் ஒரு தூண், தலையிலிருந்து முளைத்து மேலே போகிறது. வெளிர் நிறத் தூண், வெளிர் நிறச் சுடிதார், ஆள் எங்கே முடிகிறாள் தூண் எங்கே தொடங்குகிறது என்றே பிரித்துப் பார்க்க முடியவில்லை. இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி (ஒலி ஒளிக் காட்சிக்குப் போட்டதுதானே?), வலது மூலையில் யாரோ ஒருவருடைய முழங்கை. படத்தைத் திறந்ததும் என் கண் நேராக நாற்காலிக்குத்தான் போனது, அப்புறம்தான் தங்கச்சிக்கு வந்தது.

கண்ணுக்கு ஒரு குணம் உண்டு. பளிச்சென்ற நிறம், முகம், எழுத்து, ரொம்ப வெளிச்சமான திட்டு, இவை ஃப்ரேமில் எங்கே இருந்தாலும் முதலில் அங்கேதான் ஓடும். நம் ஊர்த் தெருவில் படம் எடுப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி, ஏனென்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் நிற்கும், அதில் நம் சப்ஜெக்டைவிடப் பத்து மடங்கு பெரிய முகமும் எழுத்தும் இருக்கும். ஆகவே ஆளை எங்கே வைப்பது என்று யோசிக்கும் முன்னாலேயே எதையெல்லாம் வெளியே தள்ளுவது என்று யோசிக்க வேண்டும். ஷட்டரை அழுத்துவதற்கு முன் நான்கு ஓரத்தையும் கண்ணால் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பாதி வெட்டுப்பட்டு நிற்கிற பொருள் எதுவானாலும், ஒன்று முழுசாக உள்ளே வரட்டும், இல்லையென்றால் முழுசாக வெளியே போகட்டும்.

உங்கள் படத்துக்கு மருந்து நீங்கள் இரண்டு எட்டு இடது பக்கம் நகர்வதுதான். தூண் தலைக்குப் பின்னாலிருந்து விலகி, இரண்டு தூணுக்கு நடுவே இருக்கிற நிழல் பின்னணியாக வந்திருக்கும். முகத்தில் முற்றத்து வெளிச்சம், பின்னால் இருட்டு. ஆள் தனியாகப் பிரிந்து வருவாள், பின்னணியைக் கலங்கடிக்கிற எஃப் 1.8 லென்ஸ் எதுவும் தேவையில்லை.

புதுக்கேமரா

நன்றி அண்ணா. ஆனால் ஆள் சிரிக்கிற நொடியில் முகத்தைப் பார்ப்பதா, நான்கு ஓரத்தைப் பார்ப்பதா? அதற்குள் சிரிப்பு போய்விடாதா?

மண்டபத்துக் கேமரா

வரிசையை மாற்றிப் போடுங்கள் ப்ரோ. கல்யாணத்தில் எங்கள் பிழைப்பே இதுதான். முதலில் பின்னணியைத் தேடுவோம், கேமராவை எடுத்து ஓரமெல்லாம் சரிபார்த்து ஃப்ரேமை முடிவு பண்ணிவிடுவோம், அப்புறம்தான் பொண்ணு மாப்பிள்ளையை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவோம். அதற்குப் பிறகு முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. ஆளை முதலில் நிறுத்திவிட்டுப் பின்னணியைத் தேடினால் வீடியோக்காரர் லைட் ஸ்டாண்டு மாப்பிள்ளை காதுக்குள்ளிருந்து வரும்.

ஆட்களை எடுக்கும்போது இன்னொன்று. மூட்டில் வெட்டாதீர்கள். மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் இந்த மூன்றிலும் ஃப்ரேம் ஓரம் வந்தால் கை கால் அறுபட்ட மாதிரி தெரியும். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, தொடை நடுவில் வெட்டினால் யாருக்கும் உறுத்தாது. உங்கள் தங்கச்சி படத்தில் கணுக்காலோடு வெட்டியிருக்கிறீர்கள், பாதமும் வந்திருந்தால் முழு உருவம், வராமல் விட்டதால் ரெண்டுங்கெட்டான். அப்புறம் அவள் வலது பக்கக் கோட்டில் நின்றுகொண்டு வலது பக்கமே பார்க்கிறாள், பார்வை உடனே சுவரில் முட்டிக்கொள்கிறது. பார்க்கிற பக்கம் இடம் விட வேண்டும். இடது பக்கம் திரும்பிப் பார்க்கச் சொல்லியிருந்தால் அதே இடத்தில் நின்றே வேலை முடிந்திருக்கும்.

கணக்கு வாத்தியார்

நாற்காலி விஷயத்தில் தம்பிக்கு ஒரு ஆறுதல். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களில் பெரும்பாலானவற்றின் வ்யூஃபைண்டர் படத்தில் சுமார் 95 சதவீதத்தைத்தான் காட்டும். நீங்கள் கண்ணை வைத்துப் பார்க்கும்போது ஓரத்தில் இல்லாத நாற்காலி, படத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். லைவ் வ்யூ போட்டால் பின்னால் இருக்கிற திரையில் முழுப் படமும் தெரியும். அசையாமல் நிற்கிற கட்டடத்தை எடுக்கும்போது லைவ் வ்யூவிலேயே எடுங்கள். போன்காரர்களுக்கும் மிரர்லெஸ்காரர்களுக்கும் இந்தச் சிக்கல் பெரும்பாலும் கிடையாது.

ரூல் ஆஃப் தேர்ட்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே இதை வேதவாக்கு மாதிரி நம்புகிற கூட்டம் ஒன்று, கெட்ட வார்த்தை மாதிரி திட்டுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. இதைப் பெயர் சொல்லி எழுதி வைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர், 1797-இல், நாட்டுப்புறக் காட்சிகளை வரைவது பற்றிய ஒரு புத்தகத்தில். டாகேர் என்ற பிரெஞ்சுக்காரரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-இல்தான். அதாவது இது கேமராவுக்கு முந்தைய, ஓவியர்களின் யோசனை. அவர் சொல்ல வந்தது எளிது: படத்தைச் சரிபாதியாகப் பிரிக்காதே, வானமும் நிலமும் சமமாக இருந்தால் எது முக்கியம் என்று தெரியாது, ஒன்றுக்கு இரண்டு பங்கு கொடு, மற்றதற்கு ஒரு பங்கு கொடு. எது முக்கியம் என்று நீங்கள் முடிவு செய்திருந்தால்தான் அந்த விதிக்கே வேலை. மேகம் அருமையாக இருக்கிறதா, வானத்துக்கு இரண்டு பங்கு. வெறும் வெள்ளை வானமா, அதற்கு ஒரு பங்குகூட அதிகம்.

போன்மட்டும்

தேர்ட்ஸ் எல்லாம் பழசு சார், தங்க விகிதம்தான் (ஏறத்தாழ 38-க்கு 62 என்று பிரிப்பது) சரி. இயற்கையே அப்படித்தான் அமைந்திருக்கிறது. சுருள் கோடு போட்டு எடுத்துப் பாருங்கள்.

கணக்கு வாத்தியார்

வாங்க. 24 மெகாபிக்ஸல் படத்தின் அகலம் 6000 பிக்ஸல். மூன்றில் ஒரு பங்குக் கோடு 2000-இல் விழும். தங்க விகிதக் கோடு 2292-இல் விழும். வித்தியாசம் 292 பிக்ஸல், படத்தின் அகலத்தில் ஐந்து சதவீதம். கையில் பிடித்துக்கொண்டு எடுக்கிறவன் மூச்சு விட்டாலே அவ்வளவு நகரும். சுருள் கோட்டை முடிந்துபோன எந்தப் படத்தின் மேலும் நான்கு விதமாகத் திருப்பிப் போட்டால் எங்காவது ஒரு இடத்தில் பொருந்தத்தான் செய்யும். எடுப்பதற்கு முன் அது யாருக்கும் உதவி நான் பார்த்ததில்லை.

புதுக்கேமரா

இரண்டாவது படத்துக்கு வருவோம். நடு மண்டபத்தை நேராக நின்றுதான் எடுத்தேன். சிமெட்ரி என்றால் நேராக நிற்பதுதானே, ஏன் தூணெல்லாம் உள்பக்கம் சாய்ந்து விழுகிற மாதிரி இருக்கிறது?

ஒளிவேட்டை

இரண்டு தனித்தனிச் சங்கதி இது, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தூண் சாய்வது கேமராவை மேலே அண்ணாந்து பிடித்ததால். லென்ஸ் எதுவானாலும் சரி, கேமராவை மேல் நோக்கிச் சாய்த்த உடனே செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போகக் குவியும். தரைக்குச் சமமாக நேராகப் பிடித்தால் தூண் நேராக நிற்கும், ஆனால் உச்சி வெட்டுப்படும், தரை வேண்டாத அளவுக்கு நிறைய வரும். அதனால் முடிந்தவரை பின்னால் போங்கள், கேமராவை நேராக வைத்தே எடுங்கள், தேவையில்லாத தரையைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். முற்றத்தின் எதிர்க்கோடிக்குப் போய் நின்றால் அந்த மகாலில் இடத்துக்குக் குறைவில்லை. இல்லையென்றால் அரைகுறையாகச் சாய்ப்பதை விட்டுவிட்டு ஒரேயடியாகச் சாய்த்துவிடுங்கள், குவிமாடத்துக்கு நேர் கீழே நின்று வானத்தைப் பார்க்கிற மாதிரி எடுங்கள், அப்போது அந்தக் குவிதலே படமாகிவிடும்.

சிமெட்ரி குறைவது வேறு காரணத்தால். நீங்கள் நின்றது நடுவில் இல்லை, ஒரு சாண் வலது பக்கம் தள்ளி. நடு வளைவுக்குள் தெரிகிற பின் வளைவைப் பாருங்கள், இடது பக்கம் இருக்கிற இடைவெளி வலது பக்கம் இல்லை. சிமெட்ரி மன்னிக்காது. ஒன்று துல்லியமாக நடுவில் நில்லுங்கள், இல்லை வேண்டுமென்றே பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் போய்விடுங்கள். முன் வளைவின் உச்சியும் பின் வளைவின் உச்சியும் ஒரே நேர்கோட்டில் வருகிற வரை கால் கட்டைவிரலால் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், தலையை மட்டும் நகர்த்திப் பிரயோஜனமில்லை.

சிமெட்ரி எடுக்கும்போது க்ரிட்டையும் தேர்ட்ஸையும் மறந்துவிடுங்கள். 1636-இல் மகாலைக் கட்டினவர்கள் நடுவில் சிம்மாசனத்தை வைத்து இரண்டு பக்கமும் தூணைச் சமமாக நிறுத்தியிருக்கிறார்கள், நாம் போய் அதை ஓரமாகத் தள்ளி வைத்தால் அபத்தமாக இருக்கும்.

கணக்கு வாத்தியார்

அண்ணாந்து எடுக்கிற பிரச்சினைக்குத் தஞ்சாவூர் பெரிய கோயில்தான் சரியான பாடம். விமானம் சுமார் 216 அடி, அதாவது 66 மீட்டர். மக்கள் என்ன செய்கிறார்கள், நண்பனை விமானத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இவர்கள் பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருப்பார்கள். கடைசியில் விமானம் வந்துவிடும், நண்பன் எறும்பாகிவிடுவான்.

கணக்கு இதுதான். போனின் சாதாரண லென்ஸை நெட்டுக்கு, சாய்க்காமல் பிடித்தால் விமானத்தின் உச்சி ஃப்ரேமுக்குள் வர நீங்கள் ஏறத்தாழ 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கோயிலின் உள் திருச்சுற்று கிழக்கு மேற்காக 240 மீட்டர் நீளம், விமானம் மேற்குப் பாதியில் இருக்கிறது. ஆக உள் கோபுரம் தாண்டி நுழைந்த உடனேயே அந்தத் தூரம் கிடைத்துவிடும், கொஞ்சம் பக்கவாட்டில் ஒதுங்கி நந்தி மண்டபத்தை விலக்கிக்கொண்டால் போதும். இப்போது நண்பனைக் கோயில் பக்கம் அனுப்பாதீர்கள், உங்கள் பக்கம் கூப்பிடுங்கள். கேமராவிலிருந்து சுமார் ஒன்றேகால் மீட்டரில் நின்றால் அவன் தொடை வரை வருவான், பின்னால் முழு விமானமும் நிற்கும், ஒரு கோடும் சாயாது. நேராகப் பிடித்ததால் படத்தின் கீழ்ப்பாதி வெறும் தரையாகக் கிடக்குமே என்று கவலைப்பட்டவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது, அந்தக் கீழ்ப்பாதிதான் நண்பனுக்கு.

இன்னொன்று, கோயில் கிழக்கு பார்த்தது. காலையில் முன்பக்கம் வெயில் விழும். சாயங்காலம் முன்னால் நின்று எடுத்தால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் இருக்கும், கருப்பு உருவம்தான் கிடைக்கும். மாலை வெயிலில் கல் பொன்னிறமாக மாறுவதைப் பிடிக்க வேண்டுமென்றால் சுற்றிப் போய்ப் பின்பக்கப் புல்வெளிக்கு வாருங்கள்.

நெய்தல்

சென்னையில் இருந்து. கோயில், மகால் எல்லாம் சரி, கடற்கரைக்கு யாராவது சொல்லுங்களேன். மெரினாவில் காலையில் சூரிய உதயத்தோடு ஆளை எடுத்தால் கடலின் கோடு சரியாகக் கழுத்திலேயே விழுகிறது. கோட்டை நேராக்கக் கற்றுக்கொண்டேன், கழுத்து வெட்டுப்படுவது மட்டும் போகவில்லை.

ஒளிவேட்டை

அடிவானம் எப்போதும் உங்கள் கேமரா இருக்கிற உயரத்தில்தான் ஆளை வெட்டும். சமதரையில் உங்கள் கண் உயரத்தில் கேமரா இருந்தால், உங்கள் உயரமே உள்ள ஆளுக்குக் கண்ணோடு போகும், உங்களைவிடக் கொஞ்சம் உயரமான ஆளுக்குக் கழுத்தில் விழும். அவர் பத்து அடி தள்ளி நின்றாலும் நூறு அடி தள்ளி நின்றாலும் இது மாறாது. ஆகவே முன்னும் பின்னும் நடந்து பயனில்லை, உட்காருங்கள். கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்கினால் கோடு அவர் இடுப்புக்கு இறங்கும், தலையும் தோளும் வானத்தில் தனியாக நிற்கும். மணலில் உட்கார்ந்தே எடுத்தால் இன்னும் கீழே. குழந்தையை எடுக்கும்போது எல்லாரும் நின்றுகொண்டே எடுப்பதால்தான் குழந்தைக்குப் பின்னணியாகத் தரை மட்டும் வருகிறது, குழந்தையின் கண் உயரத்துக்கு இறங்கினால் அதன் உலகமே பின்னணியில் வந்துவிடும்.

மெரினாவில் பழகிவிட்டால் ஒரு நாள் காலையில் காசிமேட்டுக்குப் போங்கள். அங்கே பாடம் வேறு. ஏலம் நடக்கும் இடத்தில் தலைக்கு மேல் தலை, கூடைக்கு மேல் கூடை, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். முன்னால் மீன் கூடை, நடுவில் பேரம் பேசுகிற ஆள், பின்னால் படகு என்று மூன்று அடுக்காக யோசித்து, ஒரு அடுக்கின் தலை இன்னொரு அடுக்கின் தலையைத் தொடாமல் இடைவெளி திறக்கிற நொடிக்குக் காத்திருக்க வேண்டும். கூட்டத்தை எடுப்பதில் இன்னொரு வழியும் உண்டு. புகைப்படக் கலைஞர் ரகு ராய் 1995-இல் மும்பை சர்ச்கேட் ஸ்டேஷனில் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். மெதுவான ஷட்டரில் கூட்டமெல்லாம் கலங்கி ஆறு மாதிரி ஓடுகிறது, பேப்பர் படித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறவர்கள் மட்டும் தெளிவாக நிற்கிறார்கள். கண் எங்கே போக வேண்டும் என்பதை அங்கே அசைவே தீர்மானிக்கிறது, கோடும் புள்ளியும் அப்புறம்தான்.

புதுக்கேமரா

ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போய்வந்தேன். தங்கச்சி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள், அதனால் தூண் வரிசை மட்டும். புதிதாக இரண்டு படம் இணைத்திருக்கிறேன். ஒன்று தூணை ஒட்டி நின்று எடுத்தது, இன்னொன்று நடைபாதை நடுவிலிருந்து. லீடிங் லைன்ஸ் வந்திருக்கிறதா?

மண்டபத்துக் கேமரா

கோடு வந்திருக்கிறது ப்ரோ, போய்ச் சேர்கிற இடத்தில்தான் ஒன்றுமில்லை. கண்ணை இழுத்துக்கொண்டு கடைசி வரை போனால் அங்கே ஒரு அறிவிப்புப் பலகை. ஒரு ஆள் நடந்து வரட்டும் என்று நின்றிருக்கலாம்.

ஒளிவேட்டை

அதேதான். ஆனால் இரண்டாவது படம் முன்பு போட்டதைவிட எவ்வளவோ மேல், ஏன் என்று சொல்கிறேன். முதல் படத்தில் தூணை ஒட்டி நின்றதால் எல்லாத் தூணும் ஒன்றன்பின் ஒன்று ஒட்டி ஒரே சுவராகிவிட்டது. நடுப் பாதைக்கு வந்ததும் தூண்களுக்கு நடுவே சந்து திறந்திருக்கிறது, அந்தச் சந்து வழியாக முற்றத்து வெளிச்சம் உள்ளே வந்து தரையில் பட்டை பட்டையாக விழுந்திருக்கிறது. வெளிச்சம், நிழல், வெளிச்சம், நிழல் என்று அது போகிற போக்கில் ஒரு தாளம் இருக்கிறது பாருங்கள், தூணைவிட எனக்கு அந்தத் தரைதான் பிடித்தது. கேமராவைக் கொஞ்சம் தாழ்த்தி தரைக்கு இன்னும் இடம் கொடுங்கள். யாராவது நடந்து வரும்போது நிழல் பட்டையில் இருக்கிற ஆளை விட்டுவிட்டு, வெளிச்சப் பட்டைக்குள் கால் வைக்கிற நொடியில் அழுத்துங்கள். இடத்தை முடிவு செய்துவிட்டு ஆளுக்காகக் காத்திருப்பது சோம்பேறி வேலை மாதிரி தெரியும், தெருவில் படம் எடுக்கிறவர்கள் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள்.

தூணில் கிறுக்கியிருக்கிற காதலர் பெயர்களை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. எழுத்து என்றால் கண் படிக்கத்தான் பார்க்கும். அந்தப் பக்கத்துத் தூண் நிழலில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள்.

கோலக்காரி

எல்லாரும் பெரிய பெரிய கட்டடமாகவே பேசுகிறீர்கள், என் கேள்வி வாசலில் போடுகிற கோலம். நேர் மேலிருந்து போனில் எடுத்தால் வட்டம் முட்டையாகிறது, என் நிழலும் விழுகிறது. சாய்வாக எடுத்தால் கோலமே தெரியவில்லை.

போன்மட்டும்

இது என் ஏரியா அக்கா. பல போன்களில் க்ரிட்டையோ லெவலையோ ஆன் செய்து கேமராவைத் தரையைப் பார்க்கப் பிடித்தால் நடுவில் இரண்டு சிறிய கூட்டல் குறி வரும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் போன் தரைக்கு இணையாக இருக்கிறது என்று அர்த்தம், வட்டம் வட்டமாகவே வரும். இரண்டு கையையும் நீட்டி கோலத்தின் நடுவுக்கு நேர் மேலே கொண்டுபோங்கள், காலடி ஃப்ரேமுக்கு வெளியே இருக்க வேண்டும். கோலம் பெரிதாக இருந்தால் ஸ்டூல் மேல் ஏறுங்கள். 0.5 என்று போட்டிருக்கிற அகலக் காட்சி லென்ஸை மட்டும் தொடாதீர்கள், ஓரத்தில் இருப்பதையெல்லாம் இழுத்துவிடும், குரூப் போட்டோவில் கடைசி ஆள் முகம் அகலமாவது அதனால்தான். நிழலுக்கு ஒரே வழி வெயில் வாசலுக்கு வருவதற்கு முன் எடுப்பது, நீங்கள் கோலம் போடுகிற நேரமே அதுதானே.

மண்டபத்துக் கேமரா

முடிந்த கோலத்தை எடுப்பதைவிடப் போட்டுக்கொண்டிருக்கிற கோலத்தை எடுங்கள் அக்கா. பாதி கம்பி வளைந்திருக்கிறது, மீதிப் பாதி வெறும் புள்ளியாக நிற்கிறது, ஓரத்திலிருந்து ஒரு கை மாவை இழுத்துக்கொண்டு வருகிறது. அந்தக் கை நடுவில் வர வேண்டியதில்லை, மூலையிலிருந்து வந்தால் போதும், மீதியைப் புள்ளிகள் பார்த்துக்கொள்ளும்.

ஃபிலிம்காலத்து ஆள்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஒரு ஆட்சேபணை. மேலே ஒருவர் "பிறகு வெட்டிக்கொள்ளலாம்" என்கிறார். புதிதாகக் கற்கிறவர்களுக்கு இது கெட்ட பழக்கம். 36 ஃப்ரேம் ஃபிலிமில் எடுத்த காலத்தில் ஃப்ரேமைக் கேமராவிலேயே முடிவு செய்வோம். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் க்ராப் (எடுத்த படத்தை வெட்டுவது) செய்யவே மாட்டார் என்று அந்தக் காலத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வெட்டலாம் என்ற தைரியம் வந்தால் சோம்பல் வந்துவிடும், யாரும் கால் நகர்த்த மாட்டார்கள்.

கணக்கு வாத்தியார்

உங்கள் கருத்தை மதிக்கிறேன் ஐயா, ஆனால் நீங்கள் சொல்கிற அவருடைய மிகப் புகழ்பெற்ற படமே க்ராப் செய்ததுதான். 1932-இல் பாரிஸில் செயின்ட் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீர் மேல் ஒருவர் தாவுகிற படம். வேலிச் சந்து வழியாக லென்ஸை நுழைத்து எடுத்தார், இடது பக்கம் வேலி மறைத்தது, அதை வெட்டித்தான் பிரிண்ட் போட்டார்கள். அவர் பொதுவாக க்ராப் செய்வதை வெறுத்தவர் என்பதும் உண்மை. தேவைப்பட்ட இடத்தில் அவரே வெட்டியிருக்கிறார் என்பதும் உண்மை.

ஃபிலிம்காலத்து ஆள்

தெரியும் தம்பி, அது விதிவிலக்கு. அவர் நின்ற இடத்தைவிட நல்ல இடம் அங்கே கிடைக்கவில்லை, வேறு வழியில்லாமல் வெட்டினார். இங்கே வெட்டுகிறவர்கள் நாலு அடி முன்னால் போகச் சோம்பல்பட்டு வெட்டுகிறார்கள். போய் நின்று எடுப்பதும் வெட்டி எடுப்பதும் ஒரே படம் இல்லை. கிட்டே போனால் முன்னால் இருப்பது பெரிதாகும், பின்னால் இருப்பது ஏறக்குறைய அப்படியே இருக்கும். வெட்டினால் இரண்டும் சேர்ந்துதான் பெரிதாகும்.

ஒளிவேட்டை

ஐயா கடைசியில் சொன்னதை எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். ஜூம் செய்வதும் வெட்டுவதும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். பொருள்களுக்கு நடுவே இருக்கிற அளவை நிர்ணயிப்பது லென்ஸ் இல்லை, நீங்கள் நிற்கிற தூரம். தூரத்தில் நின்று 55-இல் எடுத்தால் ஆளுக்குப் பின்னால் மலை பெரிதாக எழும்பும், கிட்டே வந்து 18-இல் எடுத்தால் அதே ஆள் அதே அளவில் இருக்க, மலை சுருங்கிவிடும். புதுக்கேமரா, நீங்கள் மதுரைதானே, யானைமலை கண்ணுக்கு எதிரில் படுத்துக் கிடக்கிறது. ஒத்தக்கடைப் பக்கம் போய் வயலில் ஒரு ஆளை நிறுத்தி இந்த இரண்டு விதமாகவும் எடுத்துப் பாருங்கள். முதலில் நிற்கிற இடம், அப்புறம் ஜூம், மீதி ஏதாவது இருந்தால் வெட்டு. இந்த வரிசை மாறாமல் இருந்தால் வெட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நெய்தல்

கடைசியாக ஒரு சின்னச் சந்தேகம். போனில் 16:9 வைத்து எடுத்தால் சினிமா மாதிரி அகலமாக வருகிறது, அதில் நிறைய காட்சி அடங்குகிறது என்று நண்பன் சொல்கிறான், அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

கணக்கு வாத்தியார்

அடங்குவது குறைவுதான். போனின் சென்சார் பெரும்பாலும் 4:3. 16:9 என்று வைத்தால் அதே படத்தின் மேலும் கீழும் வெட்டிவிட்டுத் தருகிறது, அகலத்தில் ஒரு பிக்ஸல்கூடக் கூடாது. 4:3-இலேயே எடுங்கள், அகலமாக வேண்டுமென்றால் எந்த இடத்தை வெட்டுவது என்று பிறகு நீங்களே முடிவு செய்யலாம். டிஎஸ்எல்ஆர் 3:2, அதை நெட்டுக்குப் பிடித்து ஒரு ஆளை எடுத்தால் தலைக்கு மேல் காலி இடம் நிறையத் தங்கும். அதனால்தான் நெட்டுப் படங்களை 4:5-க்கு வெட்டிப் போடுகிற வழக்கம். ஃபிலிம்காலத்து ஐயா இதற்கும் கோபித்துக்கொள்வார்.

ஃபிலிம்காலத்து ஆள்

கோபமில்லை. 4:5 எங்கள் காலத்து லார்ஜ் ஃபார்மட் (பெரிய தாள் ஃபிலிம்) அளவுதான், அதை நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.